மறுவாழ்வு மருத்துவர் மேரி வர்கீஸ்

நுழையும்முன்

நோய் நீங்கினால் மருத்துவம் முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். தண்டுவடம் அறுந்தவருக்கும், இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவருக்கும், தொழுநோயால் விரல்கள் மடங்கியவருக்கும் புண் ஆறிய நாளில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. இனி எப்படி நடப்பது, எப்படி உண்பது, எந்தத் தொழிலைச் செய்து பிழைப்பது என்னும் வினாக்கள் அவர்கள்முன் நிற்கின்றன. அவ்வினாக்களுக்கு விடை தேடுவதும் மருத்துவத்தின் கடமையே எனத் தம் வாழ்வால் நிறுவியவர் ஒருவர். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார், துறையை நடத்தினார், மாணவர்களை உருவாக்கினார். அவருடைய வாழ்க்கை வரலாறு இப்பாடமாக அமைகிறது.

இளமையும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சிப் பகுதியில், மதிப்பும் வசதியும் வாய்ந்த பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றபின், 1946ஆம் ஆண்டு மருத்துவம் படிப்பதற்காக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாக இருந்த அக்காலத்தில், அவர் மலையாள நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து மருத்துவம் பயின்றார். அவருடைய பணிக்களமும் தமிழ்நாடாகவே அமைந்தது.

அவர் சேர்ந்த கல்லூரிக்குத் தனி வரலாறு உண்டு. பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய காலத்தில், ஐடா ஸ்கட்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணி மருத்துவம் கற்று வந்து, 1900ஆம் ஆண்டு வேலூரில் சிறிய அளவில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918ஆம் ஆண்டு பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். அப்பள்ளியே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. மேரி சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து அங்கு ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இல்லாத ஒன்றைத் தொடங்கி வளர்ப்பது அக்கல்லூரியின் மரபாக இருந்தது. பிற்காலத்தில் மேரியும் அம்மரபில் ஒருவரானார்.

பட்டம் பெற்ற மேரி, மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற விரும்பினார். வேலூர் மருத்துவமனையிலேயே பயிற்சி மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கினார்.

வாழ்வைப் புரட்டிய விபத்து

1954ஆம் ஆண்டு, உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களுடன் மேரி ஊர்தியொன்றில் வெளியூர் சென்றார். வழியில் அவ்வூர்தி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழமான காயங்கள் ஏற்பட்டன. அதனினும் கொடிதாக, அவருடைய தண்டுவடம் சேதமுற்றது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இயக்கமும் அற்றுப்போயின. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

தண்டுவடம் என்பது மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்வுகளை மூளைக்கும் எடுத்துச்செல்லும் நரம்புத் தொகுதி. அது ஓரிடத்தில் அறுபட்டால், அவ்விடத்திற்குக் கீழுள்ள பகுதிகள் மூளையுடன் தொடர்பை இழந்துவிடுகின்றன. கைகால் எலும்பு முறிந்தால் கூடிக்கொள்ளும். அறுந்த தண்டுவடம் மீண்டும் கூடுவதில்லை. மேலும், உணர்ச்சியற்ற உடற்பகுதி ஒரே நிலையில் நெடுநேரம் அழுந்தினால் அங்குக் குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகிறது. அப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் தண்டுவடம் சேதமுற்றவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்துபோவதே இரண்டாம் உலகப்போருக்கு முன்புவரை உலகெங்கும் இருந்த நிலை.

மருத்துவரான மேரிக்கு இது பேரிழப்பாக அமைந்தது.  பல மாதங்கள் படுக்கையில் கழிந்தன. உட்காரும் ஆற்றலைப் பெறுவதற்கே அவர் பலமுறை அறுவை மருத்துவத்துக்கு உட்பட வேண்டியிருந்தது. தம் மருத்துவ வாழ்வு முடிந்துவிட்டதாக அவர் கருதிய காலமும் உண்டு.

பால் பிராண்ட் காட்டிய வழி

அந்நாளில் வேலூரில் எலும்பு அறுவை மருத்துவத் துறையை வழிநடத்தியவர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தொழுநோயாளர்களின் கைகளையும் கால்களையும் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் உலகிற்கே முன்னோடியாக விளங்கினார். தொழுநோயாளரின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே அக்காலத்து நம்பிக்கை. அது தவறு என்பதை அவர் கண்டறிந்தார். அந்நோய் நரம்புகளைத் தாக்குவதால் வலியுணர்வு மறைந்துவிடுகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் கூரிய கருவி கிழித்தாலும் நோயாளி அறிவதில்லை. கவனிக்கப்படாத காயங்களே விரல்களைத் தின்றுவிடுகின்றன என அவர் விளக்கினார்.

மேரியால் நிற்க இயலாது. ஆனால், அவருடைய கைகள் முழு ஆற்றலுடன் இருந்தன. வயிற்றையோ மார்பையோ அறுத்து மருத்துவம் செய்வோர் நின்றுகொண்டே பணியாற்ற வேண்டும். கை அறுவை மருத்துவரோ மேசையருகே அமர்ந்து பணியாற்றலாம். இவ்வுண்மையைப் பிராண்ட் கண்டார். தொழுநோயாளர்களுக்குக் கை அறுவை செய்யக் கற்கலாம் என மேரியை ஊக்கினார். மேரி அதனை ஏற்றார். சக்கர நாற்காலியில் அறுவைக்கூடத்துக்குள் சென்று, நுண்ணிய கை அறுவைகளைச் செய்யும் மருத்துவராக உயர்ந்தார்.

நோயாளர்களிடையே இது பெரிய மாற்றத்தை விளைவித்தது. ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டுத் தம் உடலையே வெறுத்துவந்த தொழுநோயாளர்கள், தங்களைவிடக் கடும் இழப்புக்கு உள்ளான ஒருவர் தங்களுக்கு மருத்துவம் செய்வதைக் கண்டனர். சக்கர நாற்காலி அவர் வரும் ஒலியே அவர்களுக்கு நம்பிக்கை அளித்தது.

அறுவைக்குப் பின் தொடங்கும் பணி

கை அறுவையில் ஈடுபட்டபோது, அறுவை மட்டும் போதாது என்பதை மேரி நாள்தோறும் கண்டார். தொழுநோயால் நரம்பு செயலிழக்கும்போது, விரல்களை நீட்டும் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிவிடுகின்றன. நல்ல நிலையிலுள்ள வேறொரு தசையின் நாணைப் பிரித்தெடுத்து, விரல்களுடன் இணைப்பதே இதற்கான அறுவை முறை. தசைநாண் இடம் மாறினாலும் அத்தசை பழைய வேலையையே செய்ய முற்படும். புதிய வேலையை அதற்கும் மூளைக்கும் கற்றுத்தர வேண்டும்.

இப்பணியைச் செய்பவர்கள் இயன்முறை மருத்துவர்கள். கட்டுப் பிரித்த கையை எண்ணெய் தடவி நீவி, மூட்டுகளை மெல்ல இளக்கி, எந்த எண்ணத்தோடு எந்த விரலை அசைக்க வேண்டும் என்பதை வாரக்கணக்கில் பயிற்றுவிப்பர். அதன்பின், ஒரு குவளையைப் பற்றுவது, பொத்தானை இடுவது, எழுதுவது, உளி பிடிப்பது என அன்றாடச் செயல்களைத் தொழில்வழி மருத்துவர்கள் கற்பிப்பர். இவர்களின் பணி இல்லையேல் திறமையாகச் செய்யப்பட்ட அறுவையும் பயனற்றுப் போகும். திருந்திய கையுடன் ஊர் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லையெனில் அக்கை பிச்சைக்கே மீண்டும் நீளும். இதனை உணர்ந்த பிராண்ட், நவஜீவன நிலையம் என்னும் குடியிருப்பை அமைத்து, அறுவை முடிந்தவர்களுக்கு மரவேலை முதலிய தொழில்களைக் கற்பிக்கச் செய்திருந்தார்.

இந்தியாவில் அப்போது இயன்முறை மருத்துவக் கல்வி தளிர்நடையிட்டுக்கொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டு மும்பையில் இளம்பிள்ளைவாதம் பரவியதன் விளைவாக, அடுத்த ஆண்டு அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆனால், அறுவை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவிலியர், செயற்கை உறுப்பு செய்வோர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒன்றிணைத்து ஒரு நோயாளரை முழு மனிதராக வீட்டுக்கு அனுப்பும் மறுவாழ்வு மருத்துவம் என்னும் துறை நாட்டில் வேரூன்றவில்லை.

கடல் கடந்த கல்வி

தண்டுவடம் சேதமுற்றோருக்கான மருத்துவத்தில் இரண்டாம் உலகப்போர் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தது. போரில் காயமுற்ற இளைஞர்களைப் படுக்கையிலேயே சாகவிட அரசுகள் விரும்பவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், படுத்திருப்போரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தும் விளையாட்டில் ஈடுபடுத்தியும் அவர்களைக் காத்தார். அங்கு 1948இல் தொடங்கிய போட்டிகளே இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு மூலம். அமெரிக்காவில், வான்படை வீரர்களுக்குப் பணியாற்றிய ஹோவர்டு ரஸ்க் என்னும் மருத்துவர் நியூயார்க் நகரில் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தை நிறுவினார்.

மேரி முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். அங்குள்ள அரச மருத்துவமனையில் தண்டுவடம் சேதமுற்றோருக்கென 1954ஆம் ஆண்டு முதல் தனிப்பிரிவு இயங்கிவந்தது. மருத்துவராக இருந்தும் அங்கே அவர் நோயாளியாகவே கற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து ஊர்திக்கும் கைவலிமையால் தாமே மாறுவது, உடை உடுத்துவது, உடலைப் புண்ணின்றிக் காப்பது ஆகியவற்றில் பயிற்சி பெற்றார். பிறர் தூக்கிவைக்க வேண்டிய நிலையிலிருந்து, தாமே இயங்கும் நிலைக்கு உயர்ந்தார். முறையான பயிற்சி ஒருவருக்கு எத்தகைய விடுதலையைத் தரும் என்பதை அவர் நூல்வழி அறியவில்லை. தம் உடலாலேயே அறிந்தார்.

தாம் பெற்ற இந்த விடுதலையை இந்தியாவில் எத்தனை பேர் பெறுகின்றனர் என்னும் வினா அவர்முன் எழுந்தது. அவர் அப்போது தேர்ந்த கை அறுவை மருத்துவர். அத்துறையிலேயே நிலைத்திருந்தால் பெயரும் பணிநிறைவும் உறுதி. மறுவாழ்வு மருத்துவமோ பலரும் அறியாத, மருத்துவர்களே பெரிதாக மதிக்காத புதிய துறை. அதில் நுழைய அவர் மீண்டும் மாணவியாக வேண்டும். சக்கர நாற்காலியுடன் மற்றொரு பெருங்கடலைக் கடக்க வேண்டும். குளிர்மிகுந்த அயல் நகரில் தனியே வாழ வேண்டும். அவர் அவ்வழியைத் தேர்ந்தார். உலக மறுவாழ்வு நிதியத்தின் உதவியுடன் நியூயார்க் சென்று, ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார்.

துறையின் தலைவர்

படிப்பை முடித்துத் தாயகம் திரும்பிய மேரி, 1963ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நோயாளர்கள் தங்கிப் பயிற்சி பெறத் தனி இடம் வேண்டும் என அவர் உழைத்தார். மருத்துவமனையில் ஒரு படுக்கைக்குப் பல நோயாளர்கள் காத்திருக்கும் சூழலில், மாதக்கணக்கில் தங்கவேண்டியவர்களுக்கு அங்கு இடமளிப்பது எளிதன்று. அவருடைய முயற்சியின் பயனாக, 1966ஆம் ஆண்டு வேலூருக்கு அருகிலுள்ள பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையங்களுள் இந்தியாவில் இதுவே முதலாவதாகப் போற்றப்படுகிறது.

மரத்திலிருந்து தவறி விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், சாலை விபத்துக்கு உள்ளானவர்கள் எனத் தண்டுவடம் சேதமுற்றோர் அந்நிலையத்தை நாடி வந்தனர். அவர்களுள் பலர் நாள்தோறும் உடலுழைப்பால் பிழைத்தவர்கள். அவர்களைப் புதிய வாழ்வுக்கு ஆயத்தப்படுத்துவதில் பல துறையினர் ஒரே குழுவாகச் செயல்பட்டனர். தோள்களையும் கைகளையும் வலுப்படுத்துதல், நாற்காலியில் அமர்ந்தபடியே சிறிது நேரத்துக்கு ஒருமுறை உடலைக் கைகளால் உயர்த்தி அழுத்தத்தைக் குறைத்தல், கால்தாங்கி அணிந்து ஊன்றுகோலுடன் நடத்தல் முதலியன கற்பிக்கப்பட்டன. நோயாளருடன் உறவினர் ஒருவரும் தங்கிப் பராமரிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பியபின் மருத்துவரும் செவிலியரும் அருகில் இல்லாத இடத்தில், அவ்வுறவினரே காப்பாளர் ஆகிறார்.

துறைத்தலைவரும் அவர்களைப் போலவே சக்கர நாற்காலியில் வந்தது, அந்நிலையத்துக்குக் கிடைத்த அரிய பேறு. இனி என்னால் எதுவும் இயலாது எனச் சோர்ந்திருந்தவருக்கு நெடிய அறிவுரை தேவைப்படவில்லை. கற்கவந்த இளம் மருத்துவர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் அவர் வாழ்வே பாடமாயிற்று. நோயாளரிடம் எஞ்சியிருக்கும் ஆற்றல் எது என முதலில் காணவேண்டும் என்பதை அவர்கள் அங்கே கற்றனர். பிராண்ட் ஒருகாலத்தில் மேரியிடம் கண்டதும் அதுவே.

வீடு திரும்பும் நாள்

மறுவாழ்வு மருத்துவத்தின் இறுதித் தேர்வு மருத்துவமனையில் நடப்பதில்லை. நோயாளரின் வீட்டு வாசலில் நடக்கிறது. சமதளமான பயிற்சிக்கூடத்தில் எளிதாக உருளும் நாற்காலி, ஊருக்குச் சென்றதும் முதற்படியிலேயே நின்றுவிடும். காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு வீடுகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அவ்வீடுகள் தரையிலிருந்து உயர்ந்த தளத்தின்மீது கட்டப்பட்டவை. தெருவிலிருந்து ஏறும் படிகளும், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனத் தொடரும் பகுதிகளுக்கு இடையே குறுக்கிடும் வாசற்படிகளும் நடப்பவர்க்கு அழகு. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கோ ஒவ்வொன்றும் ஒரு மதில். சிற்றூர்களின் மண்பாதை, குறுகிய கதவு, தொலைவிலுள்ள கழிப்பிடம் ஆகியனவும் அத்தகையனவே.

ஒருவரின் இயலாமைக்கு அவர் உடல் மட்டும் காரணமன்று. அவரைக் கருதாமல் அமைக்கப்பட்ட கட்டடமும் சாலையும் பள்ளியும் காரணம் என்னும் கருத்து பின்னாளில் சட்டமாகவே உருப்பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்கள் 1995ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைத்தல், கல்வியிலும் அரசுப்பணியிலும் இட ஒதுக்கீடு ஆகியன உரிமைகளாயின. இவை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சாய்தளமற்ற நாட்டில் மேரி வர்கீஸ் நாள்தோறும் பணிக்குச் சென்றுவந்தார்.

சிறப்புகளும் நிறைவும்

மேரியின் வரலாற்றை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ என்னும் பெயரில் நூலாக எழுதினார். 1963ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல் பல நாட்டினரின் கவனத்தை வேலூரின்பால் ஈர்த்தது. மருத்துவத் துறையில் ஆற்றிய பணிக்காக இந்திய அரசு 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

விபத்துக்குப்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து பணியாற்றிய மேரி வர்கீஸ், 1986ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை மாற்றுத்திறனாளிகள் தொழில் கற்றுத் தம் காலில் நிற்கத் துணைபுரிகிறது. பாகாயம் நிலையத்தில் பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் ஆண்டுதோறும் அங்கே ஒன்றுகூடுகின்றனர். உடல்நலத்தைச் சோதித்துக்கொள்கின்றனர், விளையாடுகின்றனர், தொழில் நடத்துவதையும் குடும்பம் காப்பதையும் பகிர்ந்துகொள்கின்றனர். புதிதாகச் சேர்ந்த நோயாளர்கள் அவர்களைக் கண்டு தெளிவு பெறுகின்றனர்.

மேரி வர்கீஸ் மீண்டும் நடக்கவில்லை. நடப்பதற்கு இயலாத பலர் உழைத்து உண்ணவும் மதிப்புடன் வாழவும் வழியமைத்தார். அவர் தொடங்கிய பணி, இன்று நாடெங்கும் உள்ள மறுவாழ்வுத் துறைகளில் தொடர்கிறது.

தெரிந்து தெளிவோம்

உலக இயன்முறை மருத்துவக் கூட்டமைப்பு 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் நினைவாகச் செப்டம்பர் 8ஆம் நாள் உலக இயன்முறை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. உயிரியல் பாடத்துடன் மேல்நிலைக் கல்வி முடித்தோர் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பில் சேரலாம். தமிழ்நாட்டில் இப்படிப்பை வழங்கும் கல்லூரிகள் பல, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்துள்ளன.

கற்பவை கற்றபின்

1. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், உங்கள் பள்ளியின் நுழைவாயில், வகுப்பறை, நூலகம், கழிப்பறை ஆகியவற்றைத் துணையின்றிப் பயன்படுத்த இயலுமா என ஆராய்ந்து, தேவையான மாற்றங்களைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக.

2. அருகிலுள்ள மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரைச் சந்தித்து, அவருடைய பணியைப் பற்றிய பத்து வினாக்களைக் கொண்ட நேர்காணலைத் தயாரிக்க.

3. அறுவை மருத்துவராக நிலைபெற்றிருந்த மேரி வர்கீஸ், மறுவாழ்வு மருத்துவத்தைத் தேர்ந்தது பற்றி உங்கள் கருத்தை வகுப்பறையில் பகிர்க.